ரொட்டிக்கு ஏற்ற அய்வார்

அய்வார் என்பது ரொட்டியில் தடவித் தின்னும் காய்கறி விழுது. செர்பியாவிலும் வடக்கு மாசிடோனியாவிலும் இலையுதிர் காலத்தில் இதைச் செய்து, குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைத்து வைப்பார்கள். விருந்து மேசையில் இதற்குத் தனி இடம் உண்டு.

முக்கியமான காய், நன்கு பழுத்த சிவப்புக் குடைமிளகாய். சிலர் கத்தரிக்காயும் சேர்ப்பார்கள். முழுக் காயாகவே தணலில் சுட வேண்டும். தோல் கருகியதும் பாத்திரத்தில் போட்டு மூட வேண்டும். அந்த ஆவியிலேயே தோல் கழன்றுவிடும். ஆனால் தண்ணீரில் கழுவக் கூடாது. கழுவினால் சுட்ட மணம் போய்விடும், அந்த மணம்தான் அய்வாரின் உயிர்.

அடுத்தது, நீர் வடிப்பது. உரித்த காயை இரவு முழுக்க வடிதட்டில் விட வேண்டும். நீர் வடியாத விழுது ரொட்டியை ஊறவைத்துவிடும். பிறகு கொரகொரப்பாக அரைத்து, சூரியகாந்தி எண்ணெயும் உப்பும் சேர்த்து, சிறு தீயில் கிளற வேண்டும். தக்காளித் தொக்கு போலத்தான், அவசரம் ஆகாது. கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும். அதுவே பதம்.

ரொட்டியை மொறுமொறுப்பாக வாட்டி ஆறவிட்டு, பரிமாறும் நேரத்தில்தான் தடவ வேண்டும். மேலே கொஞ்சம் வெள்ளைப் பாலாடைக்கட்டி உதிர்த்துப் போடலாம்.