சாணக்கியர் சுவடியும் தோட்டத்து ஜனங்களும்

(மைசூர் மாதக் கூட்டத்தில் பேசியது)



சீனாக்காரன் கன்பூசியசையும் சுன் ட்சூவையும் வைத்துத்தான் அயல்நாட்டுக் காரியம் பார்க்கிறான் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நம் தேசத்துக்கும் அப்படி ஒரு பழம்புத்தகம் உண்டு. அது மறுபடி கிடைத்ததே இந்த மைசூரில்தான். 1905-ல் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்து ஓலைச்சுவடி ஒன்றை இங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்தார். நூலகர் சாம சாஸ்திரி பிரித்துப் பார்த்தால், சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம்! 1909-ல் அச்சேறியது, 1915-ல் இங்கிலீஷில் வந்தது. அந்தச் சுவடியும் நம்மைப்போல் தமிழ்நாட்டிலிருந்து வந்து மைசூரில் பிழைத்ததுதான்.

டெல்லியில் தூதரகங்கள் இருக்கும் பேட்டைக்குப் பெயரே சாணக்கியபுரி. எல்லையை ஒட்டியவன் பகைவன், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பன் என்பது அவர் கணக்கு. 1962-ல் சீனா நம்மோடு போர் செய்தது. மறுவருஷமே பாகிஸ்தானோடு எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டது. அடிபட்ட டெல்லிக்குத் தெற்கேயாவது ஒரு நட்பு நாடு தேவைப்பட்டது என்பது என் எண்ணம்.

1964 அக்டோபர் 30-ல் பிரதமர் லால்பகதூரும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றுக் கிடந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். தொழிலாளரை ஒரு வார்த்தை கேட்டார்களா? எங்கள் பார்சல் ஆபீசில் மூட்டை அனுப்பக்கூட உடையவன் கையெழுத்து வேண்டுமே!

சாணக்கியர் ஈவிரக்கம் பார்க்காதவர். வெளிதேசத்து ஆட்களைக் கொண்டுவந்தாவது புது ஊர் அமை என்கிறார். அதற்குச் சூத்திர உழவரையே குறிக்கிறார். ஆனால் அதே இடத்தில், அவர்களுக்குத் தானியம், மாடு, பணம் கொடுத்துத் தாங்கு என்றும் எழுதினார். நம் காலத்து சர்க்கார் என்ன செய்தது? கொழுந்து பறித்த பெண்ணின் குடும்பத்துக்கு மளிகைக்கடை வைக்கக் கடன்! கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. இங்கே சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில் குடியேறியவர்கள் எவ்வளவோ தேவலை. பால் வெட்டக் கற்றுக்கொண்டார்கள்.

கணக்கு இன்னும் தீரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் மலையக வழிவந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குடியுரிமை கேட்டு மனு எழுதி, வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். தாய்மார்களும் கையெழுத்துப் போடவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மை டப்பா இருக்கிறது.