உருகாத ஜெல்லி



நோன்பு திறக்கும் நேரத்தில் பல வீடுகளில் தட்டு நிறையக் கடற்பாசித் துண்டுகள் இருக்கும். பாலில் செய்தது வெள்ளையாக, ரோஸ் எசன்ஸ் விட்டது சிவப்பாக. நம் ஊர் வெயிலில் மணிக்கணக்கில் வெளியே கிடந்தாலும் அது உருகுவதில்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவைப் பிரித்து வளர்ப்பது அகார் அகார் எனப்படும் இந்தக் கடற்பாசியின் மேல்தான்.

பிரிப்பது ஏன் பெரிய வேலை? ஒரு சொட்டுக் குட்டைநீரில் பல வகை பாக்டீரியாக்கள் கலந்து கிடக்கும். இறைச்சிச் சாற்றில் விட்டால் எல்லாமே பெருகும். எது நோய் தந்தது என்று யார் சொல்வது? பெர்லினில் நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக், வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் ஆளுக்கொரு நிறமாகப் புள்ளிகள் முளைப்பதைக் கவனித்தார். கெட்டியான பரப்பில் ஒன்று மற்றொன்றோடு கலக்க வழியில்லை. விழுந்த இடத்திலேயே குடும்பம் பெருகுகிறது.

ஆனால் நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு உருளைக்கிழங்கு பிடிக்கவில்லை. கோக் இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து உறைய வைத்தார். அதிலும் தொல்லை. நம் உடம்பின் சூடு 37 டிகிரி. நோய்க்கிருமிக்குப் பிடித்த சூடும் அதுதான். அந்தச் சூட்டில் ஜெலட்டின் தண்ணீராகிவிடும். போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்துவிடும்.

கோக்கிடம் ஆய்வு செய்ய வந்திருந்த வால்ட்டர் ஹெஸ்ஸி என்ற மருத்துவருக்கும் அதே தலைவலி. கோடையில் அவருடைய குழாய்களில் பூசிய ஜெலட்டின் வழிந்து ஓடியது. 'உன் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் எப்படி நிற்கின்றன?' என்று மனைவியைக் கேட்டார். ஃபேனி ஹெஸ்ஸி நியூயார்க்கில் பிறந்தவர். அங்கே, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டைவீட்டார் சொல்லித்தந்த பொருள் என்று அகாரைக் காட்டினார்.  அது 1881.

அகார் உருகக் கிட்டத்தட்டக் கொதிக்கும் சூடு வேண்டும். உருகியபின் 40 டிகிரி வரை இறங்கினால்தான் உறையும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்னவும் முடியாது. இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்றைக்கும் வேலை அப்படியேதான் நடக்கிறது. வளையம் போட்ட மெல்லிய கம்பியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்து, மாதிரியைத் தொட்டு அகாரில் இழுப்பார்கள். மறுபடி காய்ச்சி, முதல் கோட்டின் முனையிலிருந்து அடுத்த கோடு. இப்படி மூன்று நான்கு முறை. மறுநாள் பார்த்தால் முதல் கோட்டில் பாக்டீரியா அப்பிக் கிடக்கும். கடைசிக் கோட்டின் ஓரத்தில் கடுகளவு புள்ளிகள் தனித்தனியே நிற்கும். ஒரு புள்ளி என்பது பொதுவாக ஒரே செல்லின் வம்சம், கோடிக்கணக்கில்.

நம் மன்னார் வளைகுடாவிலும் இந்தச் சரக்கு உண்டு. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் எடுக்கிறார்கள்.

கோக் 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது அகாரை ஒரே வரியில் சொல்லிப் போனார். ஹெஸ்ஸி தம்பதியின் பெயரைச் சொல்லவில்லை. 1887இல் அகார் ஊற்றும் தட்டை வடிவமைத்த அவருடைய உதவியாளர் பெட்ரியின் பெயர் மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டது. வெறும் அகாரை இனி 'திருமதி ஹெஸ்ஸியின் ஊடகம்' என்று அழைக்கலாமே என்று 1939இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். யாரும் அப்படி அழைக்கவில்லை.