ஒரே மூச்சில் ஒரு மாயம்

'ஓகே கோ' ஓர் அமெரிக்க இசைக்குழு. 2006இல் அக்குழுவினர் நால்வரும் 8 டிரெட்மில் பொறிகள்மீது ஆடிய ஆட்டம், வெட்டும் ஒட்டும் இன்றி ஒரே எடுப்பில் படமாயிற்று. 17ஆம் முயற்சியே வென்றது.

2014இல் 'தி ரைட்டிங்ஸ் ஆன் தி வால்' என்னும் பாடலுக்குக் காட்சி மாயங்களை வரிசையாக அடுக்கினர். சிதறிய பொருள்களும், சுவரிலும் தரையிலும் துண்டு துண்டாய்த் தீட்டிய வண்ணமும், படக்கருவி ஓரிடத்தில் நிற்கையில் முழு உருவமாய்ச் சேர்கின்றன. அது ஓரடி நகர்ந்தால் கலைகின்றன. இடையில் ஒருவர் இடந்தவறினும் தொடக்கத்திலிருந்தே மீண்டும் எடுத்தாக வேண்டும். கற்பனை பாதி, ஒத்திகை பாதி. கணினி வித்தையை நம்பாத அப்படைப்பு, அவ்வாண்டு எம்.டி.வி. விருதுகளில் சிறந்த காட்சி விளைவுக்கான பரிசைப் பெற்றது.

மாயத்தைக் கலைத்துக் காட்டினால் வியப்புக் குறையாதா? குறையவில்லை, பின்னிருக்கும் உழைப்பைக் கண்டதும் வளர்கிறது. அப்பாடலோ பிரியப்போகும் இருவரைப் பற்றியது. இருவரும் காண்பது ஒன்றே. நிற்கும் இடம் வேறாதலால் ஒருவர்க்கு அது உருவம், மற்றவர்க்குச் சிதறல். அங்கே உத்தியே பொருளாகிறது.

பாவலர்களே! பொருளோடு ஒட்டாத உத்தி வெறும் வித்தை. ஒட்டிய உத்தியோ, திரை விலகிய பின்னும் நிற்கும்.