விரல் நுனியில் ஓர் ஒளிச்சோதனை



கைபேசியின் டார்ச் ஒளியை விரல் நுனியால் மூடிப் பாருங்கள். உள்ளே போவது வெள்ளொளி. வெளியே தெரிவது சிவப்பு. நீலத்தையும் பச்சையையும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பெரிதும் உட்கவர்ந்துவிடுகிறது. வகுப்பிலேயே செய்துகாட்டலாம்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு ஒளிகளை அனுப்புகிறது: சிவப்பு, 660 நானோமீட்டர், அகச்சிவப்பு, 940 நானோமீட்டர். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பைக் கூடுதலாகவும் உட்கவரும். ஆக்சிஜன் இழந்தது இதற்கு நேர்மாறு. தோலும் எலும்பும்கூட ஒளியை மறிக்குமே? நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தமனி இரத்தத்தின் கணக்கு கிடைக்கும் என்று 1970களில் கண்டவர், ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி.

ஆனாலும் தோலின் நிறம் கணக்கில் நுழைந்துவிடுகிறது. 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நேரங்களில் தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு.

கறுப்பும் மாநிறமுமான பிள்ளைகள் நிறைந்த நம் வகுப்பறைக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல. கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லித்தருகிறோம். "இந்தக் கருவியை யார் யாரிடம் சோதித்துப் பார்த்தார்கள்?" என்று கேட்கவும் சொல்லித்தருவோம். எண் நன்றாக இருந்தாலும் மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.