ருசிக்கு ஒரு வகுப்பு

பிரான்சில் ழாக் புயிசே என்றொரு வேதியியலாளர் இருந்தார். திராட்சை மது அவருடைய துறை. 1970-களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு புதுப் பாடத்தைத் தொடங்கினார்: ருசிப் பாடம்.

எதில் என்ன சத்து என்ற பட்டியலோடு அந்த வகுப்பு தொடங்குவதில்லை. ஒரு கேரட்டை வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டும், தொட வேண்டும், முகர வேண்டும். கடிக்கும்போது காதில் கேட்கிற சத்தத்தையும் கவனிக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு மென்றால் லேசான இனிப்புதான் தெரியும். கையை எடுத்ததும் கேரட்டின் மணம் வாயெல்லாம் பரவும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பது பிள்ளைக்கு அந்த நொடியில் புரிந்துவிடும். அதே கேரட்டை வேகவைத்துக் கொடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று கேட்கலாம்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. 'பிடிக்கவில்லை' என்பதும் சரியான பதில்தான். ஆனால் எது பிடிக்கவில்லை? கசப்பா, கொழகொழப்பா, வாசனையா? அதைச் சொல்லப் பழக வேண்டும். புதிய காய் ஒன்று குழந்தைக்குப் பழக, எட்டு பத்து முறை சுவைக்க வேண்டியிருக்கலாம். இரண்டாம் முறையிலேயே 'இவனுக்கு இது இறங்காது' என்று நாம் முடிவு கட்டுவது அநியாயம்.

ஸ்வீடனும் பின்லாந்தும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. பின்லாந்தின் மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் காய்களைத் தொட்டு, முகர்ந்து, சுவைத்துப் பழகுகிறார்கள்.