நீர்ப்பூட்டும் காற்றுவழியும்



சமையலறையின் நடுவே, எந்தச் சுவரையும் தொடாமல், நாற்புறமும் நடமாட இடம் விட்டுத் தனியே நிற்கும் மேடையை அமெரிக்கர் ‘தீவு’ என்று அழைக்கின்றனர். பொருத்தமான பெயர்தான். அம்மேடையில் பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்றையும் அமைத்துக்கொண்டால், வீட்டார் எதிரெதிரே நின்று உரையாடிக்கொண்டே வேலை செய்யலாம். ஆனால் தீவில் இருப்போருக்குக் கரையோடு தொடர்பு வேண்டுமல்லவா? தொட்டிக்கு நல்ல நீரைக் கொணர்வது எளிது. கழிநீரை வெளியேற்றுவதும் அவ்வளவு கடினமன்று. காற்றைக் கொணர்வதே கடினம். கழிநீர்க் குழாய்க்குக் காற்று எதற்கு என்று மாணவர்கள் வியப்புறலாம். அதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

தொட்டியின் அடியிலுள்ள குழாய் நேரே கீழிறங்கிவிடுவதில்லை. ஒருமுறை வளைந்து, சற்றே மேலேறி, அதன் பின்னரே தன் வழியில் செல்கிறது. அவ்வளைவைக் குழாய்த் தொழிலாளர் ‘டிராப்’ என்பர். அதில் 2 அங்குல ஆழத்திற்குக் குறையாமல் எப்பொழுதும் நீர் நிற்க வேண்டும். இதனை நீர்ப்பூட்டு என்று சொல்லலாம். மேலிருந்து வரும் நீருக்கு அது வழிவிடும். சாக்கடையிலிருந்து எழும் காற்றுக்கு வழிவிடாது. அக்காற்றில் ஹைட்ரஜன் ஸல்பைடும் மீத்தேனும் கலந்திருப்பதுண்டு. முன்னது அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. அளவு மிகுந்தால் நம் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். பின்னது தீப்பற்றக் கூடியது.

இந்த 2 அங்குல நீர் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை ஹாங்காங் நகரம் 2003 ஆம் ஆண்டில் கண்டது. அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் ஸார்ஸ் நோய்க்கு ஆளாயினர். நோய் பரவிய வழியை ஆராய்ந்தோரின் கவனம் குளியலறைத் தரையிலிருந்த வடிகால் வளைவுகளின்மீது சென்றது. அக்குடியிருப்பில் பலர் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்தனர். ஆகவே வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறி சுழன்றபொழுது, குழாய்க்குள் இருந்த நோய்க்கிருமி கலந்த நுண்திவலைகள் பூட்டில்லாத வாயில் வழியே உள்ளே இழுக்கப்பட்டன என்று அவர்கள் கருதினர்.

வற்றிப்போவது மெல்ல நிகழும் இழப்பு. ஒரு நொடியில் நிகழும் இழப்பும் உண்டு. லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775 ஆம் ஆண்டில் நீர்க் கழிப்பிடத்திற்குக் காப்புரிமை பெற்றபொழுது, ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப் போல வளைந்த குழாயை அதில் அமைத்தார். அரிய கற்பனைதான், ஆனால் அவ்வடிவத்தில் ஒரு கேடு ஒளிந்திருந்தது. வளைந்து ஏறி மீண்டும் செங்குத்தாய் இறங்கும் குழாய் வேறெதுவுமன்று. பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் காணும் ஸைபனே அது. தொட்டி நிறைய நீரைத் தேக்கி ஒருசேரத் திறந்துவிட்டால், நீர் குழாயை முழுதும் அடைத்துக்கொண்டு இறங்கும். இறங்கும்பொழுது வளைவில் நிற்க வேண்டிய நீரையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். கடைசியில் ‘குபுக், குபுக்’ என்று கேட்கும் ஒலி, பூட்டு உடைவதன் அடையாளமாகப் பெரும்பாலும் இருக்கும்.

பரிகாரம் என்ன? எண்ணெய்த் தகரத்தில் ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திணறித் திணறி விழுவதையும், எதிர்ப்புறம் மற்றொரு துளை இட்டதும் சீராக ஒழுகுவதையும் யாவரும் அறிவர். அந்த இரண்டாம் துளைதான் காற்றுக்குழாய். வளைவைத் தாண்டியவுடன் ஒரு கிளை மேலேறிக் கூரைக்கு வெளியே திறந்திருந்தால், இறங்கும் நீர் தனக்கு வேண்டிய காற்றை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். வளைவிலுள்ள நீரைத் தொடாது.

எவ்வளவு தூரத்திற்குள் அக்கிளை அமைய வேண்டும்? இங்கே ஒரு சிறு கணக்கு. குழாயின் விட்டம் 1½ அங்குலம். சரிவு அடிக்கு ¼ அங்குலம் என்று கொள்வோம். 6 அடி சென்றால் குழாய் 1½ அங்குலம், அதாவது தன் முழு விட்ட அளவு, தாழ்ந்துவிடும். அதற்கும் அப்பால் கிளையை வைத்தால் அதன் வாய் வளைவின் நீர்மட்டத்திற்குக் கீழே போய்விடுமாதலால் ஸைபன் மீண்டும் உயிர்பெறும். சில விதிநூல்கள் இதனினும் குறைந்த தூரத்தையே அனுமதிக்கின்றன. இத்தகைய விதிகளை ஊகத்தால் அன்றிச் சோதனையால் வகுக்க, 1920களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையத்தில் ராய் ஹண்டர் என்ற அறிஞர் பெரிதும் உழைத்தார்.

சுவரோரத் தொட்டிக்குக் காற்றுக்குழாய் சுவருக்குள்ளேயே மறைந்து மேலேறும். நடுமேடைக்கு ஏது சுவர்? மேடையின் நடுவே கூரைவரை குழாய் நின்றால் அழகு கெடும். ஆகவே பலர் காற்றுக்குழாயையே விட்டுவிட்டு, பழைய ‘எஸ்’ வளைவை மேடைக்குள் மறைத்துவிடுகின்றனர். இது தவறு.

முறையான வழி இது. காற்றுக்குழாய் மேடைப் பலகையின் அடிவரை எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர வேண்டும். அங்கே திரும்பி, மீண்டும் கீழிறங்கி, தரையின் அடியிலே சென்று, அருகிலுள்ள சுவரை அடைந்து, அதனுள் கூரைக்கு ஏற வேண்டும். ஏன் அந்த உயரம்? வடிகுழாய் அடைத்துக்கொண்டால் நீர் முதலில் தொட்டியில் தேங்கி வீட்டாரின் கண்ணில் பட வேண்டும். வளைவு தாழ்வாக இருந்தாலோ, நீர் ஓசையின்றிக் காற்றுக்குழாய்க்குள் புகுந்து, எண்ணெய்ப் பிசுக்கைப் படியவிட்டு, அதனையும் அடைத்துவிடும். வளைவின் தாழ்ந்த பகுதியில் தேங்கும் ஈரம் வடிவதற்கும் வடிகுழாயோடு ஓர் இணைப்பு வேண்டும்; துப்புரவு செய்யத் திறப்பு ஒன்றும் வேண்டும்.

காற்றை உள்ளே மட்டும் விடும் சிறு வால்வு ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அந்தந்த ஊர் விதி இடம் கொடுத்தால் அதைப் பொருத்தலாம், வேலை எளிது. ஆயினும் அசையும் உறுப்பு எதுவும் ஒருநாள் பழுதுபடும். வெறுங்குழாயில் பழுதுபடத்தக்க உறுப்பே இல்லை. என் வாக்கு குழாய்க்கே.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் சமையலறைக் குழாய் சுவரைக் கடந்து, வெளியே திறந்த வாய்க்காலில் விழும். அங்கே காற்றுக்குக் குறைவே இல்லை. நடுமேடை வைத்த அடுக்குமாடி வீட்டில் அந்த வசதி இல்லை; குழாய் பதிக்கும் முன்பே, வரைபடத்திலேயே, காற்று எவ்வழியே செல்லும் என்று கேட்டுவிட வேண்டும். தரை பூசிய பின் கேட்டால் அதை உடைத்துத்தான் விடை காண வேண்டியிருக்கும்.

எத்துணைத் திறமையாக அமைத்த குழாயிலும் நீர் வற்றுவதைக் காற்றுக்குழாய் தடுக்காது. ஹாங்காங்கில் இப்பொழுது வாரம் ஒருமுறை ஒவ்வொரு தரை வடிகாலிலும் அரை லிட்டர் நீர் ஊற்றுமாறு மக்களுக்குச் சொல்கின்றனர்.