பிள்ளையின் கல்வியும் பெற்றோர் கடனும்

1942ஆம் ஆண்டு, உலகப் போரினால் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலம். நெல் விளைச்சலைப் பெருக்கும் பொருட்டு இளம் அரசாங்க அதிகாரி ஒருவர் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அவரே ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். வயலை நோக்கி வந்தவர் உள்ளத்தை இம்மக்களின் கல்விப் பின்னடைவு தைத்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் நட்பும் அவருக்கு இங்கு வாய்த்தது. 1945இல், வறிய மாணவர்க்கு உதவும் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் நிறுவினார்.

அதே ஆண்டில் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடையும் இலவசமாயின. பொருட்டடை பெரிதும் தளர்ந்தது. ஆயினும், அரசாங்கம் வழங்கவியலாத ஒன்றுண்டு. அதுவே வீட்டிற் பிள்ளைக்கு உரிய நேரம்.

அறுவடைக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் வீட்டில் நிறுத்தப்படுகிறாள். இரண்டு நாள்தானே என்கிறார் உம்மா. அவ்விரண்டு நாளிற் பின்னக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அடுத்த வாரப் பாடம் அதன்மேல் எழுகிறது. மருதமுனைத் தறியில் ஓரிழை அறுந்தால், நெய்பவர் தறியை நிறுத்தி முடிந்த பின்பே மேலும் நெய்கிறார். பாடத்தில் அறுந்த இழையை முடிபவர் யார்?

எழுத்தறியாத பெற்றோர் எவ்வாறு உதவுவர் என்று கேட்கலாம். மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் வானொலியும் தொலைபேசியும் ஓய்ந்திருக்கட்டும். இன்று என்ன படித்தாய் என்று வாப்பா கேட்கட்டும். பிள்ளை உரக்க வாசிக்க, உம்மா மீன் அரிந்தபடியே செவிமடுக்கட்டும். எழுத்தை அறியாத காதும் தடுமாற்றத்தை அறியும். தடுமாறிய இடத்தை மறுநாள் ஆசிரியரிடம் சொன்னாற் போதும். பரிசளிப்பு விழாவிற்கு மட்டுமன்றி, சாதாரண நாளிலும் பெற்றோர் பாடசாலைப் படியேற வேண்டும்.

இனி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்த பத்து வயதுப் பாலகனை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நாணச் செய்தல் பெருந்தீங்கு. அப்பரீட்சை ஒரு வாயில் மட்டுமே. சாதாரண தரமும் உயர்தரமும் இன்னும் திறந்தே இருக்கின்றன. மூடுவது பிள்ளையின் மனம். அதனை மூடவிடாது காப்பதே பெற்றோர் கடன்.